வாங்கிய பொம்மையைத் தொடாத பூனைக்கு வீட்டிலேயே என்ன செய்து கொடுக்கலாம்?

கேள்வி இதுதான்: காசு கொடுத்து வாங்கிய பொம்மையைப் பூனை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. அந்தப் பொம்மை வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி விளக்கை அணைத்ததும் போர்வைக்குள் அசையும் கால்விரலைப் பிடித்துக் கடிக்கிறது. வீட்டில் கிடப்பதை வைத்தே ஏதாவது செய்துகொடுக்க முடியுமா? அதை வைத்து எப்படி விளையாட்டுக் காட்டுவது?

தாராளமாக முடியும். பல சமயம் வீட்டில் செய்ததுதான் நன்றாக எடுபடும். ஆனால் என்ன செய்கிறோம் என்பதைவிட அதை எப்படி அசைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தரையில் சும்மா கிடக்கும் துணி எலி, பூனையின் கணக்கில் செத்த எலி. கால்விரல் ஒளிந்திருந்தது, அசைந்தது, தொட்டதும் துள்ளி விலகியது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மவுசு.

ஓட ஓட விரட்டி இரையைக் களைக்கச் செய்வது பூனையின் பழக்கம் இல்லை. பதுங்கும், குறிபார்க்கும், கொஞ்ச தூரம் பாயும், முன்னங்காலால் அமுக்கிப் பிடிக்கும், கடிக்கும், கடைசியில் தின்னும். விளையாடும்போதும் இதே வரிசையைத்தான் அது எதிர்பார்க்கிறது. புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் குட்டிப் புலிக்கும் அதே சட்டம்தான். ஒளிந்துகொள்ள ஒரு நாற்காலிக்காலோ பெட்டியோ இல்லாத வெறுந்தரையில் எதை ஆட்டினாலும், பாதிப் பூனைகள் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கும்.

ஒரே பொம்மை சீக்கிரம் சலித்துப்போவதற்கும் காரணம் உண்டு. பிரிட்டனில் பூனைகளின் நடத்தையை ஆராய்ந்த ஜான் பிராட்ஷாவும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து 2002இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது பூனைகளின் ஆர்வம் மளமளவென்று சரிந்தது. உடனே வேறு நிறமும் மணமும் உள்ள பொம்மையைக் காட்டியதும் முதல் தடவையைவிட மும்முரமாக விளையாடின. அதாவது சலித்துப்போனது பொம்மைதான், விளையாட்டு இல்லை. பசியோடு இருக்கும் பூனை இன்னும் தீவிரமாக விளையாடும் என்பதையும் இதே குழு 1998இல் காட்டியிருந்தது. ஆகவே எல்லாப் பொம்மையையும் ஒரே கூடையில் நாள் முழுக்கப் பரப்பி வைக்காதீர்கள். மூடிய டப்பாவில் போட்டு வைத்து, இரண்டு மூன்றை மட்டும் வெளியே எடுங்கள். சில நாள் கழித்து மாற்றுங்கள். சாப்பாடு வைப்பதற்குக் கொஞ்சம் முன்பு விளையாட்டை வைத்துக்கொள்ளுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய முதல் மாற்றம் இதுதான்.

ஒரே ஒரு பொம்மைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் குச்சிப் பொம்மையைச் செய்யுங்கள். இரண்டு மூன்று அடி நீளத்தில் வழுவழுப்பான குச்சி போதும். உடைந்த ஒட்டடைக் கம்பின் பிடியும் ஆகும். பழைய காட்டன் டீ-ஷர்ட்டை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பிசிறும் நூலைப் பிய்த்துவிடுங்கள். ஒரு முனையைக் குச்சியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். மறுமுனையில் துணியையே உருட்டிப் பெரிய முடிச்சாகக் கட்டிவிட்டால் அதுதான் எலி. பசை, ஸ்டேப்ளர் பின் எதுவும் வேண்டாம். பாயும் வேகத்தில் கண்ணில் குத்தாமல் இருக்கக் குச்சியின் நுனியிலும் துணியைச் சுற்றிவிடுங்கள்.

அடுத்தது அசைக்கும் வித்தை. நிறையப் பேர் பொம்மையைப் பூனையின் மூஞ்சிக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலியாவது பூனையைத் தேடி வந்து மூக்கில் இடிக்குமா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதைப் பூனையின் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. அவ்வளவு கிட்டத்தில் அது மீசையை முன்னால் நீட்டித்தான் தடவி அறிகிறது. ஆகவே பொம்மை எப்போதும் பூனையிடமிருந்து விலகிப் போக வேண்டும், அல்லது குறுக்கே போக வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். பூனை ஒரு மூலையில் இருக்கிறது. துணி முடிச்சு ஐந்தாறு அடி தள்ளிக் கிடக்கிறது. அதைத் தரையோடு தரையாக, நின்று நின்று, சோபாவின் காலை நோக்கி இழுங்கள். முடிச்சு காலுக்குப் பின்னால் மறையப்போகும் நேரத்தில் நிறுத்துங்கள். வால் மாதிரி ஒரு துண்டு துணி மட்டும் வெளியே தெரியட்டும். அதை லேசாக ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கவிட்டு, மறுபடி சும்மா இருங்கள். இப்போது பூனையைப் பாருங்கள். தலை தாழும், கண்மணி விரிந்து கறுப்பாகும், காது முன்னால் திரும்பும், பின்பக்கம் இடமும் வலமுமாக நெளியும். அவசரப்பட்டுக் குச்சியைச் சுண்டக்கூடாத நேரம் இதுதான். பொறுத்தால் பாய்ச்சல் தானாக வரும். பொதுவாக ஓடுகிற பொம்மையைவிட, நின்றுவிட்ட பொம்மை மீதும் மறையப்போகிற பொம்மை மீதும்தான் பூனை பாய்கிறது.

பாய்ந்து பிடித்துவிட்டால் பிடுங்காதீர்கள். ஒரு தடவை மெல்ல இழுத்து, உயிர் இருப்பதாகக் காட்டிவிட்டுத் தளர்த்துங்கள். அது கடிக்கட்டும், கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் உதைக்கட்டும். அதுவாக விட்டதும் மறுபடி தொடங்கலாம். பிடிக்கவே விடாமல் அலைக்கழித்தால் சில பூனைகள் சோர்ந்து ஒதுங்கும், சில எரிச்சலில் உங்கள் கையைக் கவ்வும். முடிக்கும்போதும் சட்டென்று குச்சியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அடிபட்ட எலி நொண்டுகிற வேகத்துக்கு மெதுவாகக் குறைத்து, கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாட்டைக் கொடுங்கள். தின்னும், மேலை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கிவிடும்.

இதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டாம். ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை என்றால் போதும். வெளியே போய்ப் பறவையையும் எலியையும் கவ்விக்கொண்டு வரும் பூனைக்கும் இது பலன் தரும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிடம் இப்படி விளையாட்டுக் காட்டிய வீடுகளில் பூனைகள் கொண்டுவரும் இரை சுமார் 25 சதவீதம் குறைந்தது.

நிறத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். சிவப்பு நமக்குப் பளிச்சென்று இருந்தாலும் பூனைக்கு மங்கல்தான். நீலமும் மஞ்சளும் அதற்கு எளிதில் பிரிந்து தெரியும். நிறத்தைவிடச் சத்தம் அதிகம் இழுக்கும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனையின் காது 60,000க்கும் மேலே போகும். காகிதம் சரசரப்பது நமக்கு ஒரே சத்தம். அதற்கு அதில் எங்கே, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் அடங்கியிருக்கும். அதனால்தான் அடுத்த விளையாட்டு, பொம்மை என்றே ஒன்று இல்லாமலும் நடக்கிறது: ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டு, அதன் அடியில் குச்சியை விட்டு மெல்லச் சுரண்டுங்கள். தாள் ஓரிடத்தில் உப்பி, நகர்ந்து, நின்று, மறுபடி சுரண்டும். வாங்கிய பொம்மையை ஏறெடுத்தும் பார்க்காத பூனைகூட இதற்கு எழுந்து வரும். தாள் கிழிந்தால் கிழியட்டும், கிழிப்பதும் விளையாட்டுதான். தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சியைப் பிடித்திருக்கும் கையைத் தாளுக்கு வெளியே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விரல் எலியாகிவிடும்.

இங்கே ஆபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூனையையும் நூல்கண்டையும் சேர்த்து வரைவது அழகான படமாக இருக்கலாம். அதைவிடத் தவறான யோசனையைப் பூனை விஷயத்தில் யாரும் பரப்பியதில்லை என்பேன். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. நூல் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் துப்புவது கஷ்டம், விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ சிக்கி நின்றுவிட, மறுமுனை குடலுக்குள் போனால், நாடாவை இழுக்கும்போது பாவாடை இடுப்பு சுருங்குவதுபோல் குடல் அந்த நூலில் கோத்துச் சுருங்கும். நூல் குடலை அறுத்தும் விடும். அறுவை சிகிச்சை இல்லாமல் பெரும்பாலும் இதற்குத் தீர்வு கிடையாது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், கத்தரிக்கவும் வேண்டாம். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நூல் விழுங்கியதை நீங்கள் பார்க்காமலே, பூனை அடிக்கடி வாந்தி எடுத்து, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலும் இதே வேகம் வேண்டும்.

தையல் நூல், கம்பளி நூல், பரிசுப்பொட்டல ரிப்பன், ஜிகினா நாடா, ரப்பர் பேண்ட், தலைமுடிக்குப் போடும் எலாஸ்டிக் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மேலே சொன்ன துணிப்பட்டையும் விதிவிலக்கு இல்லை. அகலமாக இருப்பதால் விழுங்குவது கடினம், அவ்வளவுதான். விளையாடி முடித்ததும் குச்சிப் பொம்மையைக் கதவுள்ள அலமாரியில் வையுங்கள். பொத்தான் கண், மணி, குட்டி பேட்டரி, தெர்மாகோல், ஸ்பாஞ்ச் எதையும் பூனைப் பொம்மையில் சேர்க்காதீர்கள். வீட்டில் செய்த பொம்மைக்கு மூஞ்சி இல்லாவிட்டால் பூனை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பூனையைத் தனியாக விட்டுவிட்டுப் போகும்போது கொடுக்க ஏற்றது அட்டைப்பெட்டிதான். ஸ்டேப்ளர் பின், டேப், பார்சல் நாடா எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் போதும். பெட்டி ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு, முதுகுப்பக்கம் பாதுகாப்பு, முன்பக்கம் பதுங்கிடம் என்பதுதான் எளிமையான விளக்கம். நெதர்லாந்தில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பதற்றம் தணிந்து இயல்புக்கு வந்தன என்று 2014இல் எழுதினார்கள். 2021இல் வந்த இன்னொரு ஆய்வில், தரையில் ஒட்டிய வடிவங்களால் கண்ணுக்கு மட்டும் சதுரமாகத் தோன்றும் வெற்றிடத்திலும் சில பூனைகள் போய் உட்கார்ந்தன. பெட்டி கிடைக்காத நாளில் தரையில் டேப்பால் ஒரு சதுரம் போட்டுப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும்.

பெட்டியை விளையாட்டாக மாற்ற, மூடி ஒட்டிய பெட்டியின் மேலும் பக்கவாட்டிலும் பூனையின் கால் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் போடுங்கள். தலை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம். உள்ளே ஒரு பிங்பாங் பந்தைப் போடுங்கள். கையை விட்டுத் துழாவும், பந்து உருண்டு தப்பும், அடுத்த ஓட்டைக்கு ஓடும். இரண்டு மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்து நடுவில் வாசல் வெட்டினால் சுரங்கப்பாதை தயார். குச்சிப் பொம்மையை அதன் மறுமுனையில் ஆட்டலாம். காகிதப் பையும் நல்ல ஒளிவிடம். கைப்பிடியை மட்டும் வெட்டிவிடுங்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு மிரண்டு ஓடும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது.

கையைக் கடிக்கிற பூனைக்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டும்: உதைக்கும் பொம்மை. நீளமான பழைய காலுறை ஒன்றில் துணித்துண்டுகளை அடைத்து, உங்கள் முழங்கை முதல் மணிக்கட்டு வரை நீளம் வருகிற மாதிரி, வாயைக் காலுறையாலேயே முடிச்சுப் போடுங்கள். பூனை அதை முன்னங்காலால் கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் கிழிக்கப் பார்க்கும். கையோடு மல்லுக்கட்ட வரும்போதெல்லாம் கையை அசைக்காமல் நிறுத்தி, இதை நடுவில் நீட்டுங்கள். குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதை நான் எப்போதும் தடுப்பேன். இரண்டு மாதக் குட்டி கடித்தால் கிச்சுக்கிச்சு. அதே பழக்கம் ஒரு வயதில் ஆழமான பல்தடமாக வரும். பூனைக்கடி வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கக்கூடியது.

ராத்திரிக் கால்விரல் வேட்டைக்கும் மருந்து இந்த வரிசையில்தான் இருக்கிறது. பூனை பகலில் தூங்கி, அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாகும் மிருகம். படுப்பதற்குச் சற்று முன் நன்றாக ஒரு வேட்டை விளையாட்டு, உடனே அன்றைய கடைசிச் சாப்பாடு என்று தினமும் அதே நேரத்தில் கொடுங்கள். நடுவில் கடித்தால் கத்துவதோ, காலை உதறுவதோ, எழுந்து சாப்பாடு வைப்பதோ கூடாது. மூன்றுமே அதற்குப் பரிசுதான். முதல் சில ராத்திரிகள் தடித்த காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

சாப்பாட்டையே விளையாட்டாக்குவது இன்னொரு வழி. முட்டை வைக்கும் அட்டைத் தட்டின் குழிகளில் உலர் உணவை நாலு நாலாகப் போட்டு, மேலே கசக்கிய காகிதத்தால் மூடலாம். டாய்லெட் பேப்பர் உருளையின் இரு முனையையும் மடித்து, நடுவில் உணவு விழுகிற அளவு இரண்டு ஓட்டை போட்டால் உருட்டித் தின்னும் பொம்மை. அதைவிட எளிது, ஒவ்வொரு உருண்டையாக நடையில் வீசுவது. எல்லாம் அன்றைய அளவிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், கூடுதலாக இல்லை. ஆனால் எல்லாப் பூனையும் உழைத்துச் சாப்பிட ஆசைப்படாது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனையில், பக்கத்திலேயே தட்டில் சும்மா கிடைத்த உணவைத்தான் பெரும்பாலான பூனைகள் தேர்ந்தெடுத்தன. சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தட்டையே எடுத்துவிட வேண்டாம். பூனை ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதிலும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகலாம். பாதியைத் தட்டில் வைத்து, மீதியை விளையாட்டில் கொடுங்கள்.

எறிந்ததை எடுத்துவருவது நாயின் வேலை என்று நினைக்கிறோம். காகிதத்தை இறுக்கிக் கசக்கிப் பந்தாக்கி எறிந்து பாருங்கள், உங்கள் பூனையும் அந்த ரகமாக இருக்கலாம். 2023இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 1,154 பூனைகளைப் பற்றி உரிமையாளர்களிடம் விசாரித்த ஆய்வில், எடுத்துவரும் பூனைகளில் 94 சதவீதத்துக்கு மேல் யாரும் கற்றுக்கொடுக்காமலே தொடங்கியவை. பெரும்பாலும் பூனைதான் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறதாம். பூனை வளர்ப்பவர் யாருக்கும் இது செய்தியே இல்லை.

லேசர் ஒளி எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லாத விஷயம். துரத்தல் உண்டு, பிடித்தல் கிடையாது. அதிகமாக லேசர் காட்டப்படும் பூனைகளில், நிழலையும் வெளிச்சத்தையும் விடாமல் துரத்துவது போன்ற பழக்கங்கள் கூடுதலாகக் காணப்பட்டதாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. லேசர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. காட்டியே ஆக வேண்டும் என்றால் கண்ணில் படாமல் காட்டி, முடிவில் ஒளியை ஒரு துணிப்பொம்மை மீதோ உணவு மீதோ நிறுத்தி, கையில் ஏதாவது சிக்கும்படி செய்யுங்கள்.

கேட்னிப் என்னும் செடியின் காய்ந்த இலை கிடைத்தால் உதைக்கும் பொம்மைக்குள் ஒரு சிட்டிகை வைக்கலாம். மூன்றில் இரண்டு பூனைகள் அதற்கு மயங்கும்; அது பிறவிக்குணம், குட்டிகளுக்கு வேலை செய்யாது. பத்து நிமிடம் புரண்டுவிட்டு எழுந்து போய்விடும், பிறகு கொஞ்ச நேரம் அந்த மணம் அதற்கு உறைக்காது. குப்பைமேனி வேருக்கும் பூனைகள் இப்படிக் கிறங்குவது உண்டு. ஆனால் அதைத் தின்னக் கொடுக்காதீர்கள், முகர்வதோடு நிற்கட்டும். வாசனைத் தைலங்களைப் பொம்மையில் தடவவே வேண்டாம், பல தைலங்கள் பூனைக்கு நஞ்சு.

இரண்டு பூனை இருந்தால் ஒரே குச்சியை இரண்டுக்கும் நடுவில் ஆட்டாதீர்கள். துணிச்சலானது பாயும், மற்றது ஓரமாய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகும். ஆளுக்கொரு குச்சி, அல்லது கதவைச் சாத்தித் தனித்தனி நேரம். கூச்சமுள்ள பூனைக்கு நீளமான குச்சியும், நீங்கள் அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதும் உதவும். பார்வை இல்லாததற்குச் சரசரக்கும் காகிதம், காது கேளாததற்குத் தரையில் தட்டும் அதிர்வு.

வயதான பூனை விளையாடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது தாவ மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் மூட்டுவலி சர்வசாதாரணம். தரையோடு மெதுவாக, படுத்த இடத்திலிருந்தே கை நீட்டிப் பிடிக்கிற தூரத்தில் அசைத்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு அடி போட்டாலும் அது விளையாடியதாகத்தான் அர்த்தம். எந்த வயதிலும் வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். சீக்கிரம் அடங்காவிட்டாலோ, லேசான ஓட்டத்துக்கே இரைத்தாலோ இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்றுவரை குச்சியைக் கண்டால் ஓடிவந்த பூனை சில நாளாகத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றால் புதுப் பொம்மை செய்ய உட்காராதீர்கள். வாயில் புண், பல்வலி, காய்ச்சல், கால்வலி என்று ஏதாவது இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.